ஒரு கால் தரையில்

ஊர்ப் பெயர் தாம்பரே.
"தாம்பரந்தானே, பாண்டியனில் ஏறினா விடியுமுன்ன இறங்கிடலாம்"
என்றார் சிக்கந்தர். செக்ஷன் ஆபீசே சிரித்தது.
நானும் சிரித்தேன், பத்து நாளைக்கு முன்பு.

இருபத்திரண்டு வருடம் செல்லூரில் மீட்டர் கணக்கெடுத்தவள்.
எந்தச் சந்து நாய் கடிக்கும், எது குரைப்பதோடு சரி,
எந்த வீட்டு மீட்டர் கோழிக்கூண்டுக்குப் பின்னால்,
ஆள் இருந்தும் யார் வீடு 'கதவு பூட்டு'
எல்லாம் காலுக்குத் தெரியும்.
அந்தக் காலைத்தான் பின்லாந்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்.
ஐம்பது தாண்டிய பெண்களுக்கான நடைப்போட்டி,
ஐந்து கிலோமீட்டர்.

மைதானத்தில் பயமில்லை.
பன்னிரண்டரைச் சுற்று.
தொலைந்துபோகவே முடியாத இடம் அது.
பயமெல்லாம் ரயிலடியிலிருந்து விடுதி வரைக்கும்
ஒன்பது நிமிடம் என்று போட்டிருக்கிற
அந்தத் துண்டு வழி.

தெருப் பெயர்களைப் பழைய வெள்ளை அட்டையின்
பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன்.
ஹமேன்கத்து. ரவுத்ததியேன்கத்து. சதகுன்னன்கத்து.
எல்லாத் தெருவும் கத்து கத்து என்றே முடிகிறது.
வழி தெரியாவிட்டால் அதைத்தான் செய்யப்போகிறேன்.

இங்கே என்றால் ஆடிக்கு வெளியே சித்திரை,
சித்திரைக்கு வெளியே ஆவணி, அதற்கும் வெளியே மாசி.
ஒரு மாதத்தைப் பிடித்துக்கொண்டு சுற்றினால்
கிளம்பின இடத்திலேயே கொண்டுவந்து விட்டுவிடும் ஊர்.
அங்கே ராத்திரி ஒன்பதரைக்கும் வெளிச்சமாம்.
சூரியன் நேர்மேற்கில் இறங்காமல்
வடக்கே சாய்ந்து போகுமாம்.
கீழக்கோடி மேலக்கோடி என்றே பழகிய வாய்
எதைத் தொட்டு எதைக் கேட்கும்?

பெட்டியை நான்கு தடவை பிரித்துக் கட்டினேன்.
"போன் வழி சொல்லும், படு" என்றார் அவர்.
போனில் சார்ஜ் தீர்ந்துட்டா என்று கேட்பதற்குள் குறட்டை.
பழைய ஷூவை மாட்டிக்கொண்டு
கோரிப்பாளையம் வரைக்கும் நடந்தேன்.

மணி பதினொன்று.
முதுகில் பையோடு ஒரு பையன், கையில் உயிர்போன போன்.
டீக்கடைக் கூட்டத்தை விட்டு, ஆட்டோக்காரர்களை விட்டு
நேரே என்னிடம் வந்தான்.
"மாட்டு... தாவனி?"
அவன் பேசியதில் அந்த ஒன்றுதான் புரிந்தது.
கையை நீட்டினேன். போனான்.

இத்தனை பேரில் என்னை ஏன் கேட்டான் என்று
கொஞ்சம் பெருமையாகத்தான் நின்றேன்.
பிறகுதான் கையைப் பார்த்தேன்.
இன்னும் இறக்கவில்லை.
செல்லூர்ப் பக்கம் நீண்டிருந்தது,
என் வீட்டுப் பக்கம்.

பின்னாலேயே போனேன்.
ஓடவில்லை, ஓட்டம் மறந்துவிட்டது இந்த உடம்புக்கு.
ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கவேண்டும்,
அதுதான் எங்கள் ஆட்டத்தில் முதல் சட்டம்.
இரண்டும் எழும்பினால் அட்டை காட்டுவார்கள்.
நாளைக்கு விமானத்தில் இரண்டும்
எழும்பத்தான் போகிறது.
இடுப்பை ஒடித்து முழங்கையை வீசி
நடுராத்திரியில் ஒருத்தி போக,
தெரிந்த நாய்களும் குரைத்தன.

தத்தனேரி திருப்பத்தில் எதிரே ஒரு ஷேர் ஆட்டோ.
உள்ளே அவன்.
எவரோ திருப்பி ஏற்றிவிட்டிருக்கிறார்கள்.
என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு,
இரண்டு கையாலும் கும்பிட்டான்,
நான் சரியாகச் சொன்னேன் என்று.

மூச்சு வாங்கியது. பக்கத்துச் சுவரைப் பிடித்தேன்.
யாராக இருக்கும் அந்த எவரோ?
கதவெல்லாம் சாத்திக் கிடந்தது.

பிடித்த சுவரில் ஒரு பெட்டி,
உள்ளே சின்னச் சிவப்பு விளக்கு மின்னி மின்னி ஓடியது.
எழுபத்தெட்டாம் எண். மாடிப்படிக்குக் கீழே.
நாய் செத்து இரண்டு வருடம்.
கண்ணாடி இல்லாமலே வாசித்தேன்:
நாலு ஆறு ஒன்று ஒன்பது.
குறித்துக்கொள்ள இடுப்பிலிருந்து அட்டையை எடுத்தேன்.
கத்து, கத்து, கத்து.