அரை மாத்திரை

சாவி சின்னது. சைக்கிள் பூட்டுச் சாவி மாதிரி.
ஆறு வருஷம் அது பிரமீளா சிஸ்டரின் கைப்பையில்
சாயங்காலம் நகரி பஸ் ஏறிப் போய்
காலை எட்டரைக்குத் திரும்பி வந்தது.
பொன்பாடி செக்போஸ்டில் மணல் லாரிகள் நின்றுவிட்டால்
ஒன்பதேகால்.

அதுவரைக்கும் நான்
யாரையும் புரட்டிப் படுக்கவைக்கலாம்.
முதுகுப் புண் துடைக்கலாம்.
பல்செட் கழற்றிக் கழுவலாம்.
செத்தவர் தாடையைத் துணியால் கட்டலாம்.
ஒரு வலி மாத்திரையை
அலமாரியிலிருந்து ஒரு உள்ளங்கைக்கு
மாற்றக் கூடாது.

முனிரத்தினம் நாயுடு போன மார்கழி முழுக்க
மூன்று மணிக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டு கத்தினார்:
"மந்து, மந்து."
புது வாட்ச்மேன்
பெரியவர் சரக்கு கேட்கிறார் என்று சிரித்தான்.
தெலுங்கில் இரண்டுக்கும் அதே பேர்தான்.
நான் வெந்நீர்ப் பை வைத்தேன்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
வெள்ளி அட்டையில் பத்து மாத்திரை இருந்தது.
எனக்குத் தெரிந்தது.
அவருக்கும் தெரிந்தது.

பிறகு டாக்டர் கையெழுத்துப் போட்ட காகிதம் ஒன்று வந்தது.
நாற்பது நாள் வகுப்பு. கடைசியில் பரீட்சை.
சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு,
சரியான நேரம், சரியான வழி.
விசைத்தறிக்கு நூல் சுற்றிய விரல்கள்,
ஒன்றொன்றாய் மடக்கிச் சொன்னேன்.
எட்டாம் வகுப்பில் எனக்கு ஏறாத பாடம்
அப்போதுதான் ஞாபகம் வந்தது:
குறிலுக்கு ஒரு மாத்திரை,
நெடிலுக்கு இரண்டு,
மெய்க்கு அரை.

சம்பளம் அதே ஒன்பதாயிரத்து ஐந்நூறு.
சாவிக்கென்று தனியாக ஒன்றும் இல்லை.
தப்பு நடந்தால் மட்டும்
என் பேர் தனியாக இருக்கும்.

முதல் ராத்திரி.
அம்சவேணிக்கு இதய மாத்திரை, அரை.
பிளேடில் வெட்டியபோது
ஒரு பாதி பெரிசாய்ப் போனது.
இன்னொன்று எடுத்து வெட்டினேன்.
கொடுக்குமுன் நாடி பார்க்க வேண்டும், முழு நிமிஷம்.
பார்த்தேன். எழுபத்தெட்டு.
அது அம்சவேணி இல்லை,
சுவருக்கு அந்தப் பக்கத்துத் தறி.
ஜன்னலைச் சாத்திவிட்டு
மறுபடி மணிக்கட்டைப் பிடித்தேன்.
ஐம்பத்திரண்டு.
இன்னொரு தடவை. ஐம்பத்திரண்டு.

வாயைத் திறந்து வைத்துக்கொண்டு
அவள் காத்திருந்தாள், கோயிலில் தீர்த்தத்துக்குப் போல.
பூட்டைத் திறக்க உரிமை வந்த ராத்திரியில்
வாயை மூடச் சொல்வதா?

சிஸ்டருக்குப் போன் போட்டேன்.
பின்னால் தெலுங்கு சீரியல் அழுதுகொண்டிருந்தது.
"அறுபதுக்குக் கீழே என்றால்?"
"கொடுக்கக் கூடாது."
"அப்புறம் என்னிடம் என்ன கேள்வி, தேசம்மா?
ஒரு மணி நேரம் கழித்துப் பார். டாக்டரிடம் நான் சொல்கிறேன்."

புது நோட்டில், நீலப் பேனாவில்,
என் முதல் வரி:
கொடுக்கவில்லை. நாடி 52.
கையெழுத்தின் கடைசி எழுத்து
கட்டத்தைத் தாண்டிவிட்டது.

மூன்று மணி.
"மந்து."
நாயுடுவின் தாளில் எழுதியிருந்தது:
தேவைப்பட்டால் ஒன்று, ஆறு மணி நேர இடைவெளியில்.
எட்டரைக்குக் கொடுத்தது.
விரல் விட்டு எண்ணினேன், இரண்டு தடவை.
பூட்டில் சாவி இறங்கவில்லை.
தலைகீழாய்ப் பிடித்திருந்தேன்.

உள்ளங்கையில் வாங்கி
விளக்குக்குக் காட்டிப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார்.
"சிஸ்டர் ஏதி?"

"நேனே" என்றேன்.
தண்ணீர் டம்ளரை நீட்டினேன்.