நான்கு அலகு

நண்டுக் குழம்பு வயிற்றைக் கலக்கியதில்
கனடாச் சகலன் படுத்துவிட்டார்.
இரண்டாயிரம் ரூபாய்ச் சீட்டு வீணாகக் கூடாதென்று
ஞாயிறு காலை ஏழு மணிக்கு
கோட்டை வாசலுக்கு எதிரே
மச்சாளோடு நான் நின்றேன்.
‘திருகோணமலை மாளிகை நடை’ என்று எழுதிய
தொப்பியொன்றைத் தலையில் கவிழ்த்தார்கள்.

பத்தொன்பது வருஷமாக இந்தத் தெருக்களில்
தொப்பியில்லாமல்தான் நடக்கிறேன்,
மாதம் ஒரு தடவை,
மின்சார சபைப் பையும் நாய்க்கு ஒரு தடியுமாக.

வழிகாட்டி ரெஜினோல்ட் ஒக்கர்ஸ், சின்னப் பொடியன்.
எங்களைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடப்பான்,
வடிகான் வரும் இடமெல்லாம் திரும்பிப் பாராமல் தாண்டுவான்.
அதற்கே காசு கொடுக்கலாம்.

முதல் வீடு பதினெட்டுத் தூண்.
“பர்மாத் தேக்கு,” என்றான் முன்கதவைக் காட்டி.
எனக்கு அந்தக் கதவைத் தெரியாது.
நான் போவது பின்வழி:
கோழிக்கூட்டைத் தாண்டி, துணிக்கொடிக்குக் குனிந்து,
“மீற்றர்!” என்று கத்திப் பதில் வரும்வரை நின்று.
பதினெட்டுத் தூணுக்குள் ஐந்து குடும்பம், ஐந்து மீற்றர்.
மூன்றாவதில் புதிதாய்க் குளிரூட்டி.
அன்றிலிருந்து நான்காவதோடு அவர்களுக்குப் பேச்சில்லை.

அடுத்தது கப்பல்காரர் வீடு.
சீமாட்டி ஒருத்தி மாடியில் நின்று
வராத கப்பலுக்காகக் காத்திருந்தாளாம்.
மூன்றாவது வீட்டு மாடியிலும்
ஒரு சீமாட்டி காத்து நின்றாள்.
“இவளும் அவளும் ஒராளோ?” மச்சாள் என் காதில்.
“வீடு மாறியிருப்பாள்,” என்றேன்,
“பழைய பில்லைக் கட்டாமல்.”

சிரிப்புச் சத்தத்துக்கு ஒரு மான் நிமிர்ந்தது,
குப்பைத் தொட்டிக்குள்ளிருந்து,
பிட்டுக் கட்டிய பேப்பரை மென்றபடி.
வெள்ளைக்காரத் தம்பதி
மாளிகையை விட்டுவிட்டு மானிடம் ஓடினார்கள்.
ரெஜினோல்ட் காத்திருந்தான்,
வசனத்தின் நடுவிலே
ஒல்லாந்தத் தளபதியொருவரை
ஒரு கால் அங்கவடியில், மறுகால் அந்தரத்தில்
அப்படியே நிறுத்திவைத்து.

முருகைக்கல்லும் சுண்ணாம்பும் என்று
அவன் சுவரைத் தட்டிச் சொன்னது மட்டும் சத்தியம்.
ஆணி பிடிக்காது, பொலபொலவென்று உதிரும்.
அந்த வீட்டுப் பெட்டி மூன்று தரம் கழன்று விழுந்தது,
ஒரு தரம் என் காலில்.

கடைசி வீட்டுக்கு வரும்போது வெயில் ஏறிவிட்டது.
கேற்றில் துருச்சங்கிலி,
பாதிக் கூரை, மீதியில் அரசங்கன்று.
“முப்பத்தைந்து வருஷமாக
ஒருவருமே இல்லை இங்கே.”
குரலைத் தாழ்த்திக்கொண்டான்.
எல்லாக் கைகளிலும் போன்கள் எழுந்தன.

நான் கிணற்றடிச் சுவரைப் பார்த்தேன்.
அங்கேதான் இருக்கிறது, கண்ணாடி வெடித்த பெட்டி.
மாதம் நான்கு அலகு.
ஒரு மஞ்சள் குமிழ், இரவில் மூன்று மணித்தியாலம்,
கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன்.
மாசியில் மட்டும் ஆறு.
பத்தாந் தேதிக்குள் காசு கட்டுப்பட்டுவிடும்,
யாரென்று கேட்பது என் உத்தியோகமில்லை.
ஒருநாள் பட்டப்பகலில் சில்லு சுழன்றுகொண்டிருந்தது.
“மீற்றர்!” என்று கத்த வாயெடுத்து
மூடிக்கொண்டேன்.
பேனை கீறும் சத்தம்கூடக் கேளாமல்
இலக்கத்தை எழுதிக்கொண்டு வந்தேன்.

“கேள்வி ஏதும்?” என்றான்.
மச்சாள் என் முகத்தைப் பார்த்தாள்.
நான் தொப்பியைக் கழற்றி விசிறினேன்.
“இஞ்சித் தேத்தண்ணி எங்கே நல்லது, தம்பி?”

கடையில் எல்லோரும் படங்களை ஒப்பிட்டுக்கொண்டிருக்க,
ரெஜினோல்ட் என் பக்கத்து வாங்கில் வந்திருந்தான்.
மூன்று கரண்டி சீனி.
கலக்கினான், கலக்கினான்.
பிறகு கிளாசைப் பார்த்தபடியே கேட்டான்:
“இந்த மாதம் எத்தினை, அண்ணை?”

“நாளைக்குத்தான் பாக்க வேணும்,” என்றேன்.