கேட்டால் மட்டும் சொல்லவும்

சஸ்கற்றூனில் ஒக்டோபர் பிறந்தால்
எனக்குப் பெயர் வோல்ட்டர் பென்னர்.
வயது அறுபத்தொன்று.
கோதுமைப் பண்ணையை விற்றுவிட்டு நகரத்துக்கு வந்தவன்.
இரத்த அழுத்தம், இரண்டு வருடமாய்.
மணித்தியாலத்துக்கு இருபத்திரண்டு டொலர்.

என் முகத்தையும் பெயரையும் சேர்த்துப் பார்த்தும்
ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை.
புள்ளி குறைந்துவிடுமென்ற பயம்.

தாளின் அடியில் தடித்த எழுத்தில் ஒரு வரி:
குளிசையைப் பாதியாக வெட்டுகிறார்.
கேட்டால் மட்டும் சொல்லவும்.

பத்து நிமிடத்துக்கு ஒரு மணி,
மணிக்கு ஒரு வெள்ளைக் கோட்டு.
முதலாமவன் தன் தாளோடு பேசினான்.
மூன்றாமவள் உப்பின் தீமைகளை
ஒரே மூச்சில் ஒப்புவித்தாள்.
பதினொரு பேரும்
"ஒழுங்காகப் போடுகிறீர்களா?" என்றார்கள்.
பதினொரு தரமும் "ஓம்" என்றேன்.
பொய்யில்லை.
ஒழுங்காகத்தான், பாதி பாதியாய்.

நவம்பரில் அதே அறை, அதே பிள்ளைகள், அதே நோய்.
ஜனவரியிலும்.
வெளியே மைனஸ் முப்பத்து நான்கு.

தாரா ஒலெக்சின் வந்தாள்.
ஒக்டோபரில் நடுக்கத்தில்
என்னை "மிஸஸ் பென்னர்" என்றவள்.
இந்தமுறை பேனையை மூடி வைத்தாள்.
கதிரையைக் கிட்ட இழுத்தாள்.
போத்தலை மேசையில் கவிழ்த்து
விரலால் தள்ளித் தள்ளி எண்ணினாள்.
"முப்பது தந்தோம்.
நாற்பத்தாறு நாளாகிறது.
இன்னும் ஏழு இருக்கிறது."

பிறகு ஒன்றும் கேட்கவில்லை,
பார்த்துக்கொண்டிருந்தாள்.
மௌனம் கேள்வியில் சேருமா?
தாளில் அதற்கு விளக்கம் இல்லை.

"வெட்டுகிறேன்" என்றேன்.

"எதால் வெட்டுவீர்கள்?"

அதுவும் தாளில் இல்லை.
வோல்ட்டர் வீட்டுக் கத்தியை
யாரும் எழுதி வைக்கவில்லை.
வாய் முந்திவிட்டது:
"பாக்குவெட்டியால்."

கண்ணாடிக்கு அப்பால் யாரோ இருமினார்கள்.

அவள் எழுத்துக்கூட்டச் சொன்னாள்.
கூட்டினேன்.
எழுதிக்கொண்டாள்.
"இது மெல்ல மெல்லக் கரையும் குளிசை.
வெட்டினால் ஒரு நாளுக்கானது
ஒரேயடியாய் இறங்கிவிடும்.
காசா பிரச்சினை?"

மணி அடித்தது.

முடிவில் நிரப்ப எனக்கும் ஒரு கட்டம் உண்டு:
'தன் பேச்சுக்குச் செவிமடுக்கப்பட்டதாக
நோயாளி உணர்ந்தாரா?'
எந்த நோயாளி என்று போடவில்லை.

ஏழு குளிசையையும் போத்தலில் போட்டு மூடினேன்.
வெறும் மாப்பண்டம், ஒரே அளவு, ஒரே வெள்ளை.
கதவைத் தட்டினான் அடுத்தவன்.
"வணக்கம், உங்கள் பெயர்?"

ஒரு கணம் பிந்தித்தான்
ஞாபகம் வந்தது.