செவ்வாய்க்கிழமைக்கு வளையம் இல்லை

முந்நூறு ஆண்டுகள் நடக்கவே இல்லை என்கிறார் ஓர்ட்வின்,
ஈரக் குடையை ஆய்வக வாசலில் சாய்த்தபடி.
ஒரு பேரரசன், ஒரு போப்,
மை வற்றாத நான்கு துறவிகள்.
அறுநூற்றுப் பதினான்கில் படுத்த ஊர்
தொள்ளாயிரத்துப் பதினொன்றில் எழுந்ததாம்.
இடையில் விழுந்த பள்ளத்தை
அரசர்களைப் போட்டு மூடிவிட்டார்களாம்.
"நாம் வாழ்வது ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சத்தில், குண்டுலா.
மின்கட்டணம் மட்டும்
இரண்டாயிரத்துக்கு மேல் தேதி போட்டு வருகிறது."

லைப்சிக்கில் நவம்பர். நான்கு மணிக்கே விளக்கு.
நான் ஓக் துண்டொன்றைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்,
எல்பே ஆற்றுச் சரளையில் கிடந்தது,
வைரம் பாய்ந்து கறுத்தது.
எண்ணிப் பாருங்கள் என்று ஊசியைக் கொடுத்தேன்.

முப்பது வருடம் மதுபான ஆலையில் கணக்கு எழுதியவர்.
எங்கே உதைக்கும் என்று விரலுக்குத் தெரியும்.
உருப்பெருக்கியில் குனிந்து
ஒடுங்கிய வறட்சி, அகன்ற மழை,
மறுபடி வறட்சி, வறட்சி என்று
முணுமுணுத்துக்கொண்டே போனார்.
"இதையும் திருத்தியிருக்கலாமே?"
"யார்?"
"துறவிகள்."

முழுப் பூசணியைச் சோற்றில் மறைத்தார்கள் என்றே இருக்கட்டும்.
கொடியை எங்கே மறைத்தார்கள்?
கொடி குடித்த மழையை?
அயர்லாந்துச் சதுப்பில் புதைந்த மரமும்
இதே கோடையில்தானே ஒடுங்கியிருக்கிறது.
சீன அரண்மனையில் வால்நட்சத்திரம் குறித்தவனுக்கு
யார் ஓலை அனுப்பியது?
பாக்தாத் மாடியில் கிரகணத்துக்குக் கண்விழித்தவனுக்கு?
நிலவுக்கு எவ்வளவு லஞ்சம், ஓர்ட்வின்?

சிரித்தார். தோற்றவர் சிரிப்பாக இல்லை.
பையிலிருந்து இன்னொரு கோப்பு வந்தது,
பழுப்பு அட்டை, ஆவணக் காப்பக முத்திரை.

*1983 மார்ச் 15, செவ்வாய். மாலை 4.10.
ரயிலடிக் காப்பிக் கடை. சிவப்புக் கழுத்துத்துணி.
இரண்டு பீர். அரசைப் பற்றி மூன்று கேலிகள்.*
கீழே கையொப்பம்: வானம்பாடி.

அன்று அவர் குடல்வால் அறுத்துக் கிடந்த நாள்.
மருத்துவமனைப் பதிவேடுகள்
தொண்ணூற்றிரண்டில் காகிதக் கூழாயின.
அறுத்தவர் இறந்துவிட்டார்.
பக்கத்துக் கட்டில்காரர் பெயர் நினைவில்லை,
இரவெல்லாம் இருமுவார் என்பது மட்டும்.
சட்டையைத் தூக்கிக் காட்டினார்.
தழும்பு இருந்தது. தேதி இல்லை.

"இதற்கு எத்தனை துறவிகள் வேண்டியிருந்தது, சொல்லுங்கள்.
ஒரு தட்டச்சு இயந்திரம்.
மாதத்துக்கு நான்கு அறிக்கை என்று ஒரு கட்டாயம்.
நான் குடிக்காத அந்த பீருக்குத்தான்
என் மகளுக்குக் கல்லூரியில் இடம் இல்லை."

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பலகைகளைத் துழாவினேன்.
பூங்காவில் சாய்ந்த மரமொன்றில்
எண்பத்து மூன்று இருந்தது:
ஒன்றரை மில்லிமீட்டர், வெயில் ஏறிய கோடை.
ஊசியை அவரிடமே கொடுத்தேன்.
"இதில் மார்ச் பதினைந்து எங்கே?"

எங்கேயும் இல்லை.
ஓக் மார்ச்சில் தூங்கும்.
ஏப்ரலில்தான் நீர் ஏறும், கண் திறக்கும்.
நூற்றாண்டை யாரும் திருட முடியாது,
அதற்கு ஆற்றையும் மழையையும் கூட்டுச் சேர்க்க வேண்டும்.
ஒரு செவ்வாய்க்கிழமையைத் திருட
மேசை போதும்.

"ஆக, மரமும் அன்றைக்கு விடுப்பு" என்றார்.
குடையை எடுத்துக்கொண்டு போனார்.
படியில் இரண்டு முறை நின்ற சத்தம்.

குறிப்பேட்டைத் திறந்து எழுதினேன்:
*வியாழன், மழை. மாலை 4.10 முதல் 5 வரை
ஓர்ட்வின் இங்கே இருந்தார்.
சாம்பல் நிறக் கழுத்துத்துணி. பீர் இல்லை.
ஒரு கேலி.*

திரும்பப் படித்தபோது கை நின்றது.
அதே நடை.

கிழிக்கவில்லை.
அடுத்த வியாழன் அவரிடம் காட்டி
கீழே அவரையே கையெழுத்துப் போடச் சொல்ல வேண்டும்,
மாட்டேன் என்றால்
அதையும் அவர் கையாலேயே எழுதட்டும்.