முகப்புப் பக்கம்

முதலில் அந்த வெள்ளைக்காரக் குழந்தைகளை எடுத்தேன்.
தாளாளர் கோதண்டபாணிக்கு மனசில்லை.
'பளிச்சுனு இருந்துச்சேம்மா' என்றார்.
இருந்தது.
நீடாமங்கலத்தில் யார் பிள்ளைக்கு
மஞ்சள் முடி என்று நான் கேட்கவில்லை.
சம்பளத் தேதி நெருங்கியிருந்தது.

அடுத்து, கட்டணம்.
'அலுவலகத்தை அணுகவும்.'
இதைச் சொல்லவா ஒரு முழுப் பக்கம்?
தொகையைப் போட்டேன், வேன் காசைத் தனியாக.
மூன்று தவணை என்று எழுதினேன்.
அவர் இரண்டாக்கினார்.
கொள்முதலில் மூட்டை போட்டவனுக்குப்
பணம் ஏற வாரக்கணக்காகும் சார் என்றேன்.
பழையபடி மூன்று.

வேன் வரும் நேரம் ஏழு ஐம்பது.
ரயில்வே கேட்டு போட்டிருந்தால்
கடவுள் விட்ட வழி என்று எழுதி
நானே அழித்தேன்.

'இயற்கை எழில் கொஞ்சும் பசுமை வளாகம்.'
இந்த வரியில் மட்டும் கை வைக்கவில்லை.
படமும் நன்றாகத்தான் இருந்தது:
சித்திரை வெயில், மூங்கில் நிழல்,
பின்னால் காய்ந்த வாய்க்காலில் மேயும் ஆடு.

சனிக்கிழமை இரவு ஒன்பதரைக்கு ஓர் அழைப்பு.
தவசீலன், பூவனூர். பெண்ணுக்கு எல்கேஜி.
கட்டணம் கேட்கவில்லை. இங்கிலீஷ் பேசுவாளா என்று கேட்கவில்லை.
'ஆடு நிக்குதே, அந்த வாய்க்கா...
மேட்டூர் தொறந்தா எவ்வளவு தண்ணி போவும்?'
'இடுப்பளவு' என்றேன்.
'யாரு இடுப்புங்க?'

பதினொரு வருஷமாக
என் ஜன்னலுக்கு நேரே ஓடுகிறது அது.
'வேலி இருக்குங்களா?'

இருக்கிறது என்று தட்டச்சு செய்ய
ஒரு நொடி போதும்.

திங்களன்று தாளாளரிடம் சொன்னேன்,
இதை எழுத்தில் சரிசெய்ய முடியாது சார்.
படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார்.
'ஆட்டை வெட்டிட்டா என்ன?'
நான் பேசாமல் இருந்தேன்.
அவரும் இருந்தார். பிறகு
கம்பிக் கடைக்குப் போன் போட்டார்.

கல்லணை திறந்த நான்காம் நாள் தண்ணீர் வந்தது
நுரையும் சருகும் ஒற்றைச் செருப்பும் தள்ளிக்கொண்டு.
வேலி பாதிதான் முடிந்திருந்தது.
மீதிக்குக் கயிறு,
கயிற்றுக்குக் காவல் ஆயா கலியம்மாள்.
அப்படியே படமெடுத்து முகப்பில் ஏற்றினேன்.
கீழே ஒரு வரி: 'நாற்பது அடி பாக்கி.'

மறுநாள் ஒருவர் வண்டியை நிறுத்தினார்,
முன்னால் ஒரு சிறுமி.
அலுவலகப் பக்கம் திரும்பவேயில்லை.
நேரே பின்னால் போய்
கயிற்றை இழுத்துப் பார்த்தார்.