நீல மை, பச்சை மை

டுலூத் துறைமுகத்தில் உப்பு மலைகள்.
கறுப்புத் தார்ப்பாய் போர்த்தி,
பழைய டயர்களைப் பாரமாக ஏற்றி,
நெடுஞ்சாலைப் பனியைக் கரைக்கக் காத்திருக்கும் உப்பு.
எத்தனை டன் என்று இந்த வருஷமும் கேட்டேன்.
"போன வருஷத்து எண்ணில்
விற்றதைக் கழித்துக்கொள்ளுங்கள்" என்றார் யார்டு மேலாளர்.
கோடை மழை தின்றதை?
அவர் ஏரியைப் பார்த்தார்.
ஏரி ரசீது கொடுப்பதில்லை.

ஹோடன் அளவுகோலோடு மலையேறினாள்.
மைனஸ் பத்தொன்பது.
அவள் கத்திச் சொன்ன எண்களில்
பாதியைக் காற்று கொண்டுபோயிற்று.
மீதியை எழுதிக்கொண்டேன்.
கணக்கு என்பதே இவ்வளவுதானோ என்று
ஒரு நொடி தோன்றியது.
அதை எழுதிக்கொள்ளவில்லை.

மாடியில், ஹீட்டர் முனகும் அறையில்
லோர்னா ஹாக்டால். இருபத்தாறு வருஷம்.
பேரேடு அவர், ரசீது அவர்,
சம்பளப் பட்டியல் அவர்.
வங்கிக் கடவுச்சொல்
கீபோர்டுக்கு அடியில், மஞ்சள் துண்டுக் காகிதத்தில்.
"நான் காய்ச்சலில் படுத்தால்
யாராவது சம்பளம் போட வேண்டாமா?"

வெண்டல் ஓய்வுபெற்று ஆறு வருஷம்.
அந்த இடத்துக்கு ஆள் எடுக்கவில்லை.
சிக்கனம் என்றது இயக்குநர் குழு.
அவர் நாற்காலியில் இப்போது
ஒரு பிரிண்டர் உட்கார்ந்திருக்கிறது.

கோப்பைத் திறந்தேன்.
ஒவ்வொரு தாளின் அடியிலும் இரண்டு கட்டங்கள்:
தயாரித்தவர், சரிபார்த்தவர்.
முதலாவதில் நீல மையில் லோ. ஹா.
இரண்டாவதில் பச்சை மையில்
அதே லோ. ஹா.

எதற்கு இரண்டு நிறம் என்றேன்.
வெட்கப்பட்டார்.
"காலையில் தயாரிப்பேன்.
சாப்பிட்டு முடித்து
வேறு ஆளாக வந்து உட்காருவேன்.
கண்ணாடியை மாற்றிக்கொள்வேன்.
காலையில் இங்கே இருந்தவளை
நம்பிவிடாதே என்று சொல்லிக்கொள்வேன்."

சிரிப்பு வந்தது.
பிறகு மார்ச் மாதத் தாள் வந்தது.
ஓரத்தில், பச்சையில்:
'கவுண்டிக்குப் போட்ட பில் இரண்டு முறை ஏறியிருக்கிறதே?'
கீழே, நீலத்தில்:
'ஆமாம். மன்னிக்கவும். அன்று மனசு சரியில்லை.'
அதற்கும் கீழே, பச்சையில்:
'பரவாயில்லை. திருத்திவிடு.'

அன்று என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை.
அது தணிக்கையின் எல்லைக்குள் வராது.

மூன்று வாரம் துருவினோம்.
ஒரு சென்ட்கூடக் குறையவில்லை.
திருடன் வராத வீட்டில்
கதவே இல்லை என்று எழுத வந்தவர்கள் நாங்கள்.
"வராதது வீட்டின் சாமர்த்தியம் அல்ல"
என்றார் எங்கள் பார்ட்னர் பிராண்ட்வோல்ட், தொலைபேசியில்.
அவர் சொன்னது சரி.
சரியாக இருப்பது அவருக்கு எப்போதும் சுலபம்.

ஒரு கை தட்டினால் ஓசை வராது என்பார்கள்.
இங்கே ஒரே கை ஆறு வருஷம் தட்டியிருக்கிறது.
ஓசை கேட்டதாகக்
கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் எல்லோரும்.
போன வருஷம் இதே தாள்களைப் புரட்டி
இரண்டு கட்டமும் நிரம்பியிருக்கிறதா என்று மட்டும் பார்த்து
டிக் அடித்தது என் பேனா.

'பணிகளைப் பிரித்தளிக்கப் போதிய ஆட்கள் இல்லை.
நிதி அறிக்கையில் பெரும்பிழை நேர்ந்தாலும்
உரிய காலத்தில் தெரியாமற்போக
நியாயமான வாய்ப்பு உண்டு.'
இதற்கு 'முக்கியக் குறைபாடு' என்று பெயர்.
குறைபாட்டுக்குப் பெயர் உண்டு; வாக்கியத்தில்
வேறு யார் பெயரும் இல்லை.
காய்ச்சல் இல்லை, கண்ணாடி இல்லை, உப்புகூட இல்லை.
ஆனால் பங்கு சரிந்தால்
யார் தலை உருளும் என்று
அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

ஆண்டறிக்கையில் அந்தப் பத்தியைச் சேர்க்க வேண்டியவரும்
லோர்னாதான்.
வேறு ஆள் ஏது?
வெள்ளி மாலை வரைவு வந்தது.
நான் விட்டிருந்த ஒரு காற்புள்ளியைப் போட்டிருந்தார்.
அடியில், நீல மையில் லோ. ஹா.
பக்கத்துக் கட்டம் வெறுமையாக இருந்தது.

அதில் நான் கையெழுத்திடக் கூடாது. விதி அப்படி.
தாளை ஹோடனிடம் நீட்டினேன்.
உப்பு வெடித்த விரலை
அந்த வெற்றுக் கட்டத்தில் வைத்துக் கேட்டாள்:
"இங்கே யார்?"