ஒத்தைக் கணக்கு

லைட்டர் களவு போகாம இருக்க
ஜட்டி எலாஸ்டிக்குல கட்டித் தொங்கவிட்டிருக்கேன்.
கம்பெனிக் கழிவுதானுங்க, நல்லா இழுபடும்.
பத்தவெச்சுட்டுக் கைய விட்டா
டப்புன்னு வந்து கல்லாப்பெட்டில அடிக்கும்.
அந்தச் சத்தத்த எண்ணியே
எதிர் கம்பெனியில எத்தன மிஷின் ஓடுதுன்னு சொல்லிருவேன்.

ஓவர்லாக் பால்ச்சாமி, உசிலம்பட்டிப் பக்கம்.
பேக்கிங் நிரஞ்சன், ஒடிசா.
புருவத்துல பஞ்சோட வந்து நிப்பாங்க.
"ஒண்ணு குடுங்க்கா."
ஒண்ணுதான்.
பாக்கெட்டா வாங்கின கைய
இந்தச் சந்துல நான் பாத்ததில்ல.

போன வாரம் ஒரு புள்ள வந்துச்சு,
கழுத்துல அட்டை, கையில டேப்.
இந்தத் திருப்பூர்ல இந்த வார்டுல மட்டும்
ஏனுங்க்கா இத்தன பேரு புடிக்கறாங்கன்னுச்சு.
வேர்த்து நின்னுச்சு, சோடா ஒடச்சுக் குடுத்தேன்.
வயசு கேட்டுச்சு, படிப்பு கேட்டுச்சு,
ஒரு ரூமுக்கு எத்தன பேரு,
கக்கூசு பொதுவா தனியான்னுச்சு.

ஒண்ண விட்டுட்டயே கண்ணு, ன்னேன்.
ஒன்றரை ஷிப்ட்டுல கேட்டத் தாண்டி வந்து நிக்க
என்ன காரணம் சொல்றது?
தலவலின்னா அரைநாள் புடிப்பான்.
ஊருக்குப் போன் பேசணும்னா மொறைப்பான்.
ஒரு தம்முன்னா
சூப்பர்வைசரே கூட வருவான்.

செக்கிங்ல மணவாளன்னு ஒரு பையன்.
பழக்கமில்லாதவன்.
ஒண்ண வாங்கி வெரலிடுக்குல வெச்சுக்குவான்,
பத்தவெக்க மாட்டான்.
அஞ்சு நிமிசம் மேகத்தப் பாத்துட்டுத்
திருப்பித் தருவான், டப்பாவுல போட்டுக்குவேன்.
அதே சிகரெட்டு பதினோரு நாள் ஓடுச்சு.
கப்பலுக்கு நேரமாச்சுன்னு
விடிய விடிய ஓட்டுன வாரம்
எலாஸ்டிக்க இழுத்தான்.
நான் சில்லறை எண்ணற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன்.

அண்ணன் கடை ரயில் பாலத்துக்கு அக்கட்ட,
பெரிய வீட்டுக்காரங்க பக்கம்.
அங்க யாவாரம் கொறஞ்சு போச்சாம்.
டாக்டர் சொன்னாராம், விட்டுட்டாங்களாம்.
வெடியால ஷூ மாட்டி நடக்கறாங்களாம்.
விடறதுக்குன்னு மெல்லற முட்டாயி இருக்குது,
ரெண்டு அட்டை எங்கிட்டயும் குடுத்தான்.
பால்ச்சாமி வெல கேட்டான்.
"விடறதுக்கும் காசு வேணுமாக்கா?"
அட்டை இன்னமும் ஆணியில தொங்குது,
பல்லி முட்ட வெச்சிருக்கு அதுக்குப் பின்னால.

ஆர்டர் நின்ன மாசத்து நோட்டப் பாருங்க:
முட்ட நின்னுச்சு.
அரை லிட்டர் பாலு கால் ஆச்சு.
ஃபில்டர் பீடியாச்சு.
எண்ணிக்கை மட்டும் கொறையல,
சும்மா ஒக்காந்திருக்கறவனுக்குக்
கூட ரெண்டு ஆச்சு.

விக்காம இருந்தா என்னன்னு கேக்கறீங்க.
இருந்து பாத்தேன், ஒரு பொரட்டாசி முழுக்க.
அவிங்க அடுத்த சந்து வரைக்கும் நடந்தாங்க.
நான் வாடகைக்கு நடந்தேன்.

பாக்கெட்டு மேல ஒரு படம் போடறாங்களே,
கன்னம் ஓட்டையாகி, பல்லு வெளிய தெரிய.
அது முழுசா வாங்கறவனுக்குத்தான்.
ஒத்தையா வாங்கறவனுக்கு
வெள்ளைக் குச்சி மட்டும்.
அந்த மொகத்தோட நாளெல்லாம் ஒக்காந்திருக்கறது நாந்தான்.
வெளக்கு வெச்சதும் திருப்பி வெச்சுருவேன்.

காலி டப்பாவக் கிழிச்சு
உள்பக்க வெள்ளையில கடன் எழுதறது வழக்கம்.
ஆளுக்கு ஒரு அட்டை.
சனிக்கெழம சம்பளம் வாங்கிட்டு வந்த பால்ச்சாமிகிட்ட
அவன் அட்டையக் குடுத்தேன்.
நானூத்தி அறுவது.
எண்ணிக் குடுத்துட்டு
என்னமோ தோணித் திருப்பிப் பாத்தான்.

"இது யாருக்கா?"

தெரியலீங்களே, ன்னேன்.

கணக்குத் தீந்த அட்டைய ஒருத்தரும் கொண்டுபோனதில்ல.
அவன் நாலா மடிச்சுச் சட்டப் பையில வெச்சுக்கிட்டு
சாயப்பட்டறை முக்குத் திரும்பற வரைக்கும்
பையத் தொட்டுக்கிட்டே போனான்.

திங்கக்கெழம பதினோரு மணிக்குப்
புது அட்டை ஒண்ணு கிழிச்சேன்.
பால்ச்சாமி. ஒண்ணு. இருவது.